விடைக்குறிப்பு இல்லாத கேள்வி: பள்ளி முடியும் முன் ஒரு தனி ஆய்வு எதற்கு?

பள்ளித் தேர்வில் வரும் கேள்விகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. கேட்கிறவருக்கு முன்பே பதில் தெரியும். வினாத்தாள் அச்சாகும்போதே விடைக்குறிப்பும் தயாராகிவிடுகிறது. எங்கோ எழுதி வைத்திருக்கும் அந்தப் பதிலுக்கு எவ்வளவு பக்கத்தில் போகமுடியுமோ அவ்வளவு பக்கத்தில் போவதுதான் மாணவரின் வேலை. ஆண்டுக்கணக்கில் இதையே செய்து பழகியவர் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும், "இந்தப் பொருளில் நீங்களே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதி வாருங்கள்" என்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட அங்கே திணறிப்போகிறார்கள். பாடம் அவர்களுக்குப் புரியும். ஆனால் கேள்வியை உருவாக்குவதும் ஒரு வேலை என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

அந்த வேலையைப் பள்ளியிலேயே ஒருமுறை செய்துபார்க்கத்தான் தனி ஆய்வுத்திட்டம். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் தனக்குப் பிடித்த பொருளில் ஒரு கேள்வியை அமைத்துக்கொள்கிறார். சில மாதங்கள் அதன் பின்னால் போகிறார். கண்டதை அறிக்கையாக எழுதி, அதைப் பற்றிப் பிறர் கேட்பதற்குப் பதில் சொல்கிறார். ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாகக் கூட இருப்பார், பாடம் நடத்தமாட்டார். பொருள் வரலாறாக இருக்கலாம், இயற்பியலாக இருக்கலாம், இசையாகவும் இருக்கலாம்.

'புராஜெக்ட்' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று: இணையத்திலிருந்து இறக்கிய பக்கங்கள், ஒட்டிய படங்கள், கடைசி நாள் இரவு. அதற்குத் தொகுப்பு என்று பெயர். இரண்டையும் பிரித்தறிய நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். தலைப்பைக் கேள்வியாக மாற்ற முடிகிறதா? மாற்றினால், அதற்கான பதில் தேடுபொறியின் முதல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறதா? முதலாவதற்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அதை ஆய்வு என்று ஒப்புக்கொள்ளலாம்.

எங்கெல்லாம், எப்படி

உலகில் பல கல்வி அமைப்புகள் இதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் இபிக்யூ என்ற விரிவுத் திட்டத் தகுதி இருக்கிறது. இதற்குச் சுமார் 120 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதில் வகுப்பறைப் பயிற்சி கால்வாசிதான், மீதியெல்லாம் மாணவரின் சொந்த உழைப்பு. முடிவில் சுமார் 5,000 சொல் அறிக்கை தரவேண்டும். அல்லது தானே செய்த ஒரு பொருளையோ படைப்பையோ, அது உருவான விதத்தைச் சொல்லும் சிறு அறிக்கையோடு தரலாம். ஐபி டிப்ளோமா என்ற பன்னாட்டு மேல்நிலைப் படிப்பைப் படிப்பவர்கள் அனைவரும் 'நீள்கட்டுரை' ஒன்று எழுதியாகவேண்டும். அதன் வரம்பு 4,000 சொற்கள். ஒரு மாணவருக்கு வழிகாட்டி ஆசிரியர் தரும் நேரம் மொத்தமே 3 முதல் 5 மணி. அமெரிக்காவில் பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்தப்படும் ஏபி பாடங்களில் ஒன்றான ஏபி ரிசர்ச்சில் 4,000 முதல் 5,000 சொற்களில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும், பிறகு அதை மதிப்பீட்டுக் குழுவின் முன் விளக்கி அவர்கள் கேள்விகளுக்கு ஈடுகொடுக்கவேண்டும். நெதர்லாந்தில் மேல்நிலைப் பள்ளி முடிப்பவர்களுக்கு 80 மணி நேர ஆய்வுப் பணி உண்டு. சுவிட்சர்லாந்திலும் பல்கலைக்கழக நுழைவுக்கான பள்ளிச் சான்றிதழுக்கு ஒரு தனி ஆய்வு கட்டாயம்.

மதிப்பெண் எதற்குப் போகிறது என்று பாருங்கள். இபிக்யூ நடத்தும் வாரியங்களில் ஒன்றான ஏக்யூஏ, திட்டமிட்டு நடத்தியதற்கு 20 விழுக்காடு, ஆதாரங்களைத் தேடிப் பயன்படுத்தியதற்கு 20, செய்து முடித்ததற்கு 40, செய்ததைத் திரும்பிப் பார்த்து எடைபோட்டதற்கு 20 என்று பிரிக்கிறது. கண்டுபிடிப்பு சரியா தவறா என்பதற்கென்று தனிப் பெட்டி எதுவும் இல்லை. திட்டம் நடுவில் குலைந்துபோனாலும், ஏன் குலைந்தது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வரமுடியும். பள்ளிப் படிப்பில் வேறெங்கும் இந்தச் சலுகை கிடையாது.

பல்கலைக்கழகத்தில் என்ன மாறுகிறது

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொது அளவுகோலில் ஒரு கல்வியாண்டு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக, ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி. விரிவுரைகளும் ஆய்வக வகுப்புகளும் அதில் ஒரு பகுதிதான். மிச்ச நேரத்தை மாணவரே நிர்வகிக்கவேண்டும். எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது, எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மணி அடிக்காத அந்த நேரத்தில்தான் பலர் வழுக்கிவிழுகிறார்கள்.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட். முடிவான, தீர்ந்துபோன அறிவைக் கொடுப்பது பள்ளி. அறிவை இன்னும் முழுதாகத் தீராத ஒரு சிக்கலாகவே வைத்துக்கொண்டு ஆராய்வது பல்கலைக்கழகம் என்று அவர் பிரித்தார். இன்றைய பல்கலைக்கழகங்கள் எல்லாம் அப்படித்தான் நடக்கின்றனவா என்றால் சந்தேகம்தான். ஆனாலும் முதலாண்டு மாணவர் சந்திக்கும் அதிர்ச்சியைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிப்பு உதவுகிறது. ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் எதிரும் புதிருமாக எழுதியிருப்பார்கள். இரண்டும் பாடப் பட்டியலில் இருக்கும். "எது சார் சரி?" என்று கேட்டால், "அதைத்தானே நீ எழுதப்போகிறாய்" என்பார்கள்.

கேள்வியைச் சுருக்குவது: ஓர் எடுத்துக்காட்டு

என்னைக் கேட்டால், ஆய்வுத்திட்டத்தில் பாதிக் கல்வி கேள்வியைச் சுருக்குவதிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் இந்த ஒன்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

"1918ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சாவைப் பற்றிச் செய்யப்போகிறேன்" என்று ஒரு மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பொருள். அந்தக் கொள்ளைநோயில் உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் இது இன்னும் வெறும் பொருள்தான். இதில் எழுத ஆரம்பித்தால் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றின் மறுபதிப்புத்தான் வரும்.

கொஞ்சம் படித்ததும் ஒரு விஷயம் அவள் கண்ணில் படுகிறது. நோய் ஸ்பெயினில் தொடங்கியதற்குச் சான்று இல்லை, இருந்தும் 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று பெயர் வந்துவிட்டது. முதல் உலகப் போரில் இருந்த நாடுகள் பத்திரிகைகளைத் தணிக்கை செய்தன. போரில் சேராத ஸ்பெயினில் செய்திகள் தாராளமாக வந்தன. மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ நோயில் விழுந்ததும் அச்சேறியது. செய்தி எங்கிருந்து வந்ததோ, நோயும் அங்கிருந்தே வந்ததாக உலகம் நினைத்துக்கொண்டது. இப்போது அவளுக்கு ஒரு திசை கிடைத்துவிட்டது: நோயும் பத்திரிகையும்.

திசை போதாது. எந்தப் பத்திரிகை, எந்த மாதங்கள், எதை அளப்பது? நோயின் கொடிய அலை பல நகரங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அடித்தது. நவம்பர் 11 அன்று போர் நின்றது. ஆக, "1918 அக்டோபர், நவம்பரில் இந்த ஒரு நாளிதழ் இன்ஃபுளுயன்சாவுக்கு எவ்வளவு இடம் கொடுத்தது? போர்நிறுத்தச் செய்தி வந்தபின் அது மாறியதா?" என்று கேள்வி நிற்கிறது. ஒரு பதினேழு வயதுப் பெண் சில மாதங்களில் பதில் காணக்கூடிய அளவு சிறியது. பதில் எந்தப் பாடநூலிலும் இருக்காது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்திலும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பிலும் அந்த ஆண்டின் பத்திரிகைகளை இலவசமாகவே புரட்டலாம்.

இனிமேல்தான் வேடிக்கை. முதல் வாரத்து நாளிதழ்களை மட்டும் எடுத்து ஒத்திகை பார்க்க உட்கார்ந்தால் சந்தேகங்கள் வரிசைகட்டி நிற்கும். ஃப்ளூ மருந்து விளம்பரத்தைச் செய்தியாகக் கணக்கில் சேர்ப்பதா? இறப்பு அறிவிப்பில் காரணம் போடாமல் "சிறிது நாள் நோயுற்று" என்று இருந்தால்? போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டால் நாளிதழ் நான்கு பக்கமாகச் சுருங்கியிருந்தால், செய்தி குறைந்தது அக்கறை குறைந்ததாலா, பக்கம் குறைந்ததாலா? அப்படியானால் அங்குலத்தில் அளக்காமல், மொத்த இடத்தில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடவேண்டும். நவம்பர் 11க்குப் பிறகு செய்தி குறைந்திருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: வெற்றிக் கொண்டாட்டம் இடத்தைப் பிடித்திருக்கும், அல்லது நோயே தணியத் தொடங்கியிருக்கும். பிரித்துப் பார்க்க, அந்த நகரத்தின் வாராந்திர இறப்புப் பதிவும் கையில் வேண்டும்.

இந்த ஒவ்வொரு முடிவையும் அவளே எடுக்கவேண்டும், காரணத்தையும் எழுதிவைக்கவேண்டும். வரையறை, அளவுகோல், மாற்று விளக்கம், ஒப்பீட்டுத் தரவு என்று பல்கலைக்கழக ஆய்வுமுறை நூல்கள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்வதை அவள் பெயர் தெரியாமலே கற்றுக்கொண்டுவிடுகிறாள். பெயரை அப்புறம் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்.

படிப்பது, தேடுவது

பள்ளியில் ஒரு புத்தகத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிக்கிறோம். ஆய்வில் அப்படிப் படித்தால் ஆயுள் போதாது. சுருக்கத்தைப் படித்து, முடிவைப் படித்து, நமக்கு வேண்டியது அதில் உண்டா என்று பார்த்த பிறகே உள்ளே போகவேண்டும். உண்டென்றால் மெதுவாக, பென்சிலோடு.

தேடுவதற்கு ஒரு பழைய வழி உண்டு. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதன் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். கூகுள் ஸ்காலர் போன்ற தளங்களில் அதே கட்டுரையைப் பிற்பாடு யார் யார் எடுத்தாண்டார்கள் என்று பார்த்து முன்னோக்கியும் போகலாம். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால், அந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் பழகிவிடும். விக்கிப்பீடியாவை ஆதாரமாகக் காட்டக்கூடாது என்பார்கள். தொடங்கும் இடமாக அது நல்ல இடம்தான். அதன் அடிக்குறிப்புகள் வழியாக வெளியே போய்விடவேண்டும், அவ்வளவுதான்.

குறிப்பெடுக்கும்போதே பக்க எண்ணை எழுதிவிடுங்கள். நூலாசிரியரின் வாக்கியம் எது, உங்கள் சொந்த வாக்கியம் எது என்று நோட்டிலேயே பிரித்துக் காட்டுங்கள். பிறர் எழுத்தைத் திருடியதாகப் பிடிபடும் மாணவர்களில் பலர் திருடர்களே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் எழுதிய குறிப்பு தன்னுடையதா, படித்ததா என்று மறந்துபோனவர்கள். அந்த வேறுபாட்டைப் பல்கலைக்கழக ஒழுங்குக் குழு பொறுமையாக விசாரித்துக்கொண்டிருக்காது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றியும் ஒரு சொல். இல்லாத கட்டுரைகளுக்கும் அழகான தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் கொடுத்துவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அவை தரும் ஒவ்வொரு ஆதாரத்தையும் நீங்களே திறந்து பார்க்காமல் எழுதக்கூடாது. ஐபி அமைப்பு 2023இல் இவற்றைத் தடைசெய்யப்போவதில்லை என்று அறிவித்தது. ஆனால் அவை எழுதித் தந்ததை மாணவரின் சொந்த எழுத்தாக ஏற்கமுடியாது, பயன்படுத்தினால் மேற்கோளாகக் காட்டவேண்டும் என்றும் சொன்னது. கேள்வியைச் சுருக்கும் வேலையை அவற்றிடம் ஒப்படைத்தால் மேலே சொன்ன அந்தப் பாதிக் கல்வி போய்விடும் என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

எதிர்பாராதது வரும்போது

அறிவியல் பக்கம் ஒரு பள்ளி மாணவனின் கதை இந்த இடத்துக்குப் பொருந்தும். 1963இல் இன்றைய தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற மாணவன் பள்ளியில் ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தான். காய்ச்சிய பாலை ஆறவைக்க நேரமில்லாமல் சூடாகவே உறைகலனில் வைத்துவிட்டான். இன்னொரு மாணவன் காய்ச்சாமலே வைத்த பாலைவிட அது முதலில் உறைந்தது. ஆசிரியரிடம் கேட்டால், நீ குழம்பியிருக்கிறாய் என்றார். மேல்வகுப்புக்குப் போனபிறகும் கிண்டல்தான். பின்னர் தார் எஸ் ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியலாளர் பள்ளிக்கு வந்து பேசியபோது, அத்தனை பேர் முன்னாலும் எம்பெம்பா அதே கேள்வியைக் கேட்டான். ஆஸ்போர்னுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனார், சோதித்தும் பார்த்தார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது.

வழக்கமாக இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக் கைதட்டுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. சூடான நீர் முதலில் உறையும் என்பது உண்மையா என்று இன்னமும் சண்டை ஓயவில்லை. 2016இல் பர்ரிட்ஜ், லிண்டன் இருவரும் பழைய சோதனைகளையும் தங்கள் சோதனைகளையும் அலசி, நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதினார்கள். வெப்பமானியை நீருக்குள் ஒரு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ வைத்தால்கூட இல்லாத விளைவு இருப்பதுபோலத் தோன்றிவிடும் என்று காட்டினார்கள். பிறகு வேறு சிலர் வேறு அமைப்புகளில் அப்படியொரு விளைவைக் கண்டதாக எழுதினார்கள். ஒரு பள்ளி மாணவனின் கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதில் ஆய்வுத்திட்டம் செய்கிற மாணவருக்கு வேண்டியது இரண்டு. எதிர்பார்த்தது வரவில்லை என்றால் தரவைத் திருத்தவேண்டாம். 'சரியான' முடிவு வரும்வரை சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து கடைசியாக வந்ததை மட்டும் எழுதவும் வேண்டாம். அப்படியே, எதிர்பாராதது ஒன்று வந்துவிட்டதாலேயே அது கண்டுபிடிப்பு என்று துள்ளவும் வேண்டாம். முதலில் வெப்பமானி எங்கே இருந்தது என்று பாருங்கள். ஆய்வக வகுப்பில் செய்யும் சோதனைக்கு முடிவு முன்பே தெரியும், வராவிட்டால் நண்பனின் நோட்டைப் பார்த்து எண்ணைச் சரிசெய்துவிடலாம். சொந்த ஆய்வில் பார்த்து எழுத இன்னொரு நோட்டு கிடையாது.

மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்வதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். வகுப்புத் தோழர்கள் முப்பது பேரைக் கேட்டுவிட்டு "இளைஞர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று எழுதமுடியாது. யாரிடம் கேட்டாலும் முன் ஒப்புதல் வாங்கவேண்டும், பெயரை மறைக்கவேண்டும். ஐசெஃப் என்ற பன்னாட்டு அறிவியல் கண்காட்சியில் மனிதர்களை வைத்துச் செய்யும் பள்ளி ஆய்வுகளுக்குக்கூட, தரவு திரட்டத் தொடங்கும் முன்பே ஒரு மீளாய்வுக் குழுவின் அனுமதி தேவை. பல்கலைக்கழகங்களிலும் இதே நடைமுறைதான்.

நாட்குறிப்பும் வழிகாட்டியும்

பல திட்டங்களில் மாணவர் ஒரு செயல்பாட்டுக் குறிப்பேடு வைத்திருக்கவேண்டும். இதைச் சடங்காக நினைத்து, ஒப்படைக்கும் வாரத்தில் ஒரே பேனாவில் உட்கார்ந்து எழுதுபவர்கள் ஏராளம். அறிக்கையைவிடக் குறிப்பேட்டையே நான் உயர்வாக வைப்பேன். "இன்று நூலகம் போனேன்" என்று எழுதுவதில் பயன் இல்லை. "விளம்பரங்களைக் கணக்கிலிருந்து நீக்க முடிவுசெய்தேன், ஏனென்றால் அவை காசு கொடுத்து வாங்கிய இடம், ஆசிரியர் குழுவின் அக்கறையைக் காட்டாது" என்று எழுதவேண்டும். முடிவு, காரணம், தேதி. அறிக்கை எழுதும்போது பாதி வேலையை இதுவே செய்துகொடுக்கும்.

வழிகாட்டி ஆசிரியரின் வேலை கடினமானது, ஏனென்றால் அவர் பெரும்பாலும் சும்மா இருக்கவேண்டும். தலைப்பை அவரே கொடுத்துவிட்டால் திட்டத்தின் உயிர் போய்விடும். மாணவர் முட்டுச்சந்தில் நிற்கும்போது வழியைக் காட்டாமல், "இதுவரை என்னென்ன பார்த்தாய்?" என்று கேட்பவரே நல்ல வழிகாட்டி. சைக்கிள் கற்றுத்தருபவர் பின்சீட்டை எப்போது விடுவது என்று தெரிந்து விடுவதுபோலத்தான். மாணவர் பக்கமும் ஒரு பழக்கம் வரவேண்டும்: சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாமல், இரண்டு மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போவது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் அறைக்குள் நுழைய இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

நேரத்தைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. எல்லோரும் படிப்பதிலேயே காலத்தைக் கழித்துவிட்டு எழுதுவதற்கு நேரம் இல்லாமல் தவிக்கிறார்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கு நாட்களை எழுதுவதற்கென்று முதலிலேயே வெட்டி வைத்துவிடுங்கள்.

எழுதுவது, நிற்பது

அறிக்கையை முன்னுரையிலிருந்து தொடங்கவேண்டாம். என்ன செய்தேன், என்ன கிடைத்தது என்ற பகுதிகள் கையில் ஆதாரத்தோடு இருப்பவை, அவற்றை முதலில் எழுதலாம். முன்னுரை கடைசியில் தானே வரும். 'வரம்புகள்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் "மாதிரி சிறியது, நேரம் போதவில்லை" என்று எல்லோரும் எழுதும் இரண்டு வரியை எழுதினால் தேர்வாளர் தாண்டிப் போய்விடுவார். "நான் பார்த்த நாளிதழ் மாலைப் பதிப்பு மட்டுமே, காலைப் பதிப்பில் வேறுமாதிரி இருந்திருக்கலாம்" என்பதுபோல உங்கள் ஆய்வுக்கு மட்டுமே பொருந்துவதை எழுதுங்கள்.

பிறகு வாய்மொழி. மனப்பாடம் செய்து பேசியவர் முதல் குறுக்குக் கேள்வியிலேயே தெரிந்துவிடுவார். "எனக்குத் தெரியவில்லை, ஆனால் இப்படித் தேடிப்பார்ப்பேன்" என்று சொல்வது இங்கே மதிப்பெண்ணுக்கு உரிய பதில்.

உண்மையிலேயே பயன் தருகிறதா?

இங்கிலாந்தில் சௌத்தாம்ப்டன் போன்ற சில பல்கலைக்கழகங்கள், இபிக்யூவில் ஏ கிரேடு வாங்கியவர்களுக்குச் சேர்க்கை நிபந்தனையில் ஒரு கிரேடைத் தளர்த்துகின்றன. பயன் இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள் என்பதற்கு இது அடையாளம். ஆனால் ஆய்வைப் பற்றிய கட்டுரையில் இதையும் ஆய்வுக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும். விரும்பித் தேர்ந்தெடுக்கும் திட்டமாக இருக்கும் இடங்களில், அதில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள். அவர்கள் பல்கலைக்கழகத்தில் நன்றாகச் செய்தால் காரணம் திட்டமா, ஆர்வமா? அந்த மாணவியின் நவம்பர் 11 சிக்கல் இங்கேயும் இருக்கிறது.

இன்னொரு நெருடலும் உண்டு. வீட்டில் பேராசிரியர் இருக்கும் பிள்ளைக்கு ஆய்வகக் கதவு எளிதாகத் திறக்கும். இதைச் சரிக்கட்டவென்று, பணம் வாங்கிக்கொண்டு பள்ளி மாணவர்களுக்கு 'ஆய்வு வழிகாட்டல்' தந்து, கட்டுரையை ஏதோ ஓர் இதழில் வெளியிட்டும் தரும் வணிகம் பெருகியிருக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் போடுவதற்காக வாங்கப்படும் கட்டுரைகள் அவை. என் பார்வையில் அந்தப் பணம் வீண். வேறொருவர் சுருக்கித் தந்த கேள்வி, வேறொருவர் திருத்திய பத்திகள், பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்: இதில் மாணவர் கற்றது என்ன? வெளியீடு ஆய்வின் துணைவிளைவு. பதினேழு வயதில் அது இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லோருக்கும் எப்போதும் இது பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் இதைத் தலையில் ஏற்றினால் இரண்டும் கெடும். முந்தைய ஆண்டிலோ நீண்ட விடுமுறையிலோ தொடங்குவதே நல்லது.

பள்ளியில் இப்படி ஒரு திட்டம் இல்லையென்றால்

சான்றிதழ் கிடைக்காது, மற்றபடி தடையொன்றும் இல்லை. ஆறு வாரம், 1,500 சொல், ஒரே ஒரு கேள்வி என்று சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் தேவைப்படாத பொருளாக எடுங்கள். உலக வங்கியின் தரவுத்தளம், நாசா வெளியிடும் வெப்பநிலைப் பதிவுகள், பழைய நாளிதழ்த் தொகுப்புகள் எல்லாம் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். தேர்வுக்கு வராத கேள்வியோடு ஒரு மாணவர் வந்து நிற்பது அவர்களுக்கும் அபூர்வமான சந்தோஷம். முடித்ததும், அந்தப் பொருளைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் முன் பத்து நிமிடம் பேசிக்காட்டுங்கள். அவர் குறுக்கே கேட்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு அறிக்கையை மறுபடி திருத்துங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இதைப் பற்றி எழுத நேர்ந்தால், தலைப்பை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள், நடுவழியில் அது ஏன் மாறியது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். நேர்காணல் இருந்தால், அடுத்த கேள்வி பெரும்பாலும் அந்த இரண்டு வரியிலிருந்துதான் வரும்.